தண்ணீருக்கு முதுகு

அத்தியாயம் பதினொன்று

முல்லைத்தீவில் தொழுகைக்கு நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். புத்தளத்தில் நின்றால் களப்பு முகத்துக்கு முன்னால் இருக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. உடம்பு தானாகப் படித்துக்கொண்ட பாடம் அது.

அதனால்தான் மலை உச்சியில் இருந்த அந்த விசித்திர வீட்டில், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை நேரத்தில், அப்துல் மஜீதின் குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்றது.

வெளியே மூடுபனி. சூரியனும் இல்லை, கிழக்கும் இல்லை. முந்திய நாள் மாலை மேகமூட்டத்தில் வந்து இறங்கியபோது, பள்ளத்தில் ஒரு நீர்த்தேக்கம் மினுங்கியதை மட்டும் எல்லோரும் கண்டிருந்தார்கள். வாப்பா மஜீதும் உம்மாவும் அந்தத் தண்ணீர் இருந்த பக்கத்துக்கு முதுகைக் கொடுத்துத் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தார்கள். மகன் றிஸ்கான் நானாவும் அவன் மனைவி இஷ்ராவும் தண்ணீர்ப் பக்கத்துக்கு முகத்தைக் கொடுத்து விரித்தார்கள்.

“வாப்பா, போன் இந்தப் பக்கந்தான் காட்டுது,” என்றான் றிஸ்கான்.

“உன்ட போன் நேத்துக் குசினிப் பக்கம் காட்டிச்சு. அதுக்கு முந்தி வான் நிக்கிற பக்கம். உன்ட போனுக்கு எத்தின கஃபாடா?”

“வீடு முழுக்க இரும்பு வாப்பா. அதுதான் சுத்துது.”

“சுத்துறதிட்ட ஏன் வழி கேக்கிறாய்? தண்ணிக்கு முதுகைக் குடு. அவ்வளவுதான்.”

“தண்ணிக்கு முகத்தைக் குடுத்துத்தான் நான் சின்னனில இருந்து தொழுறன்.”

வாப்பா தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டார்.

இரு பக்கத்துக்கும் நடுவில், மடித்த முசல்லாவைக் கையில் தொங்கப் போட்டபடி றிஸ்கானின் தங்கை ஷமீலா நின்றாள்.

அவள் பிறந்தது, குடும்பம் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, புத்தளத்து அகதி முகாமில், ஒரு கிடுகுக் கொட்டிலில். இருபது வயதுவரை தண்ணீரைப் பார்த்தே தொழுதவள். சண்டை முடிந்து வாப்பாவும் உம்மாவும் முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது, கல்யாணம் ஆகாத மகள் என்று அவளையும் கூட்டிப் போனார்கள். நானா கடையோடும் மனைவி வீட்டோடும் புத்தளத்திலேயே நின்றுவிட்டான். அன்றிலிருந்து ஷமீலா தண்ணீருக்கு முதுகு காட்டித் தொழுகிறாள். அவள் உடம்புக்கு இரண்டும் தெரியும். அதனால் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் அவள், வீட்டின் நடுவில் துருத்திக்கொண்டிருந்த பாறையைப் பார்த்து நின்று தனியாகத் தொழுதாள்.

ஆமாம், பாறை. வீட்டுக்குள்தான். கப்பலில் என்ஜினியராக இருந்த ஒரு வெள்ளைக்காரர், உடைத்த கப்பலின் இரும்பையும் வட்ட யன்னல்களையும் மலைக்கு ஏற்றி, அகற்ற முடியாத ஒரு பாறையைச் சுற்றி இந்த வீட்டைக் கட்டினாராம். எந்த அறைக்கும் உள்பக்கமாக வழி கிடையாது. ஒவ்வொரு அறைக்கும் வெளியே போய்த்தான் நுழைய வேண்டும். குசினிக்கு ஒரு சின்னப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாறையின் ஓரமாக ஏறிய படிக்கட்டு ஒரு கதவில் முடிந்தது. அந்தக் கதவுக்கு அப்பால் வெறும் ஆகாயம். முதல் நாளே வாப்பா அந்தக் கதவை இழுத்துச் சாத்தி, பேரப்பிள்ளை விழுந்துவிடுவாள் என்று கயிறு போட்டுக் கட்டிவைத்தார்.

இந்த இடத்தைப் போனில் தேடிப் பிடித்தவன் றிஸ்கான்தான். “எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழ படுத்து எவ்வளவு காலம்,” என்று சொல்லி, வவுனியா வரை வானைக் கொண்டுவந்து மூவரையும் ஏற்றி வந்தான். ஏன் இந்த அவசர அன்பு என்று ஷமீலாவுக்கு விளங்கவில்லை. நேற்று மாலைதான் விளங்கியது. வீட்டுக்குப் பின்னால், போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான கல்மேட்டில் வைத்து அவன் சொன்னான்:

“நாளைக்கழிச்சுப் போகேக்க உங்கள் மூண்டு பேரில ஒராள் என்னோட புத்தளத்துக்கு வாறது. நிரந்தரமா. உம்மாதான் நாளைக்கு வாயால சொல்லுவா. அதுவரைக்கும் வாப்பாட்ட மூச்சு விடாத.”

ஒராள் என்றால் உம்மாதான். வேறு யார்? உம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. சீனி வருத்தம் வேறு. புத்தளத்தில் நானாவின் வீட்டு வாசலிலேயே டிஸ்பென்சரி. உம்மா போய்விட்டால், அந்தப் பெரிய வளவில் வாப்பாவும் அவளும்தான். வாப்பா வயலுக்குப் போய்விட்டால் அவள் மட்டும்தான்.

இரவு முழுக்க இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். சுபஹை முடித்துச் சலாம் கொடுத்துத் திரும்பியபோது, எந்த இறைவசனம் ஓதினாள் என்பதுகூட ஞாபகம் வரவில்லை.

காலையில் பாலத்தைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். இஷ்ரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முல்லைத்தீவிலிருந்து கொண்டுவந்த கட்டாக் கருவாடு சட்டியில் கிடந்தது.

“மச்சி, உங்கட ஊரு கருவாட்டு வாசம் மலை முழுக்க இரிக்கி,” என்றாள் இஷ்ரா. “கீழ உள்ள குரங்கெல்லாம் கைகால் கழுவி வுளு எடுத்துட்டு வரும்.”

ஷமீலா சிரிக்கப் பார்த்தாள்.

இஷ்ராவின் மகள் ஹனா, தன் மூத்தாப்பா மஜீதின் பெரிய ஸ்வெட்டருக்குள் புகுந்து பேய்போல வந்து நின்றாள். “மாமி, ஏன் நேத்து ராவு மூத்தாப்பா இஷாவ ரெண்டு ரக்அத்தோட முடிச்சாங்க? வீட்டுல நாலுதானே?”

“நாங்க இப்ப பிரயாணி மகள். தூரம் போன ஆக்கள் நாலை ரெண்டாச் சுருக்கித் தொழலாம். திரும்பிப் போற ஆக்களுக்கு அல்லாஹ் தந்த சலுகை.”

“திரும்பிப் போகாட்டி?”

“நிறையத்தான் தொழவேணும். நாலும்.”

ஹனா போய்விட்டாள். இஷ்ரா கையைக் கழுவிவிட்டு, சுவரில் தொங்கிய நூற்பந்திலிருந்து ஒரு துண்டை அறுத்தாள். ஷமீலாவின் கையைப் பிடித்து, விரல்களைக் குவிக்கச் சொல்லி, நூலைச் சுற்றி அளந்தாள்.

“என்ன இது?”

“வளையல் அளவு. சும்மாதான். பாக்க ஆசையா இரிக்கி.”

நூலை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஷமீலாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. உம்மாவைக் கொண்டுபோகிறோம், அதற்குப் பதில் உனக்கு வளையல் என்கிறாள்போல, என்று ஷமீலா நினைத்தாள். ரொட்டி மாவை எடுத்து வேண்டியதற்கு மேலாகப் பிசைந்தாள்.

அன்று பகல் முழுதும் அவள் உம்மாவைச் சுற்றி வந்தாள். உம்மாவோ வாப்பாவின் காலுறையைப் போட்டுக்கொண்டு, வட்ட யன்னலருகே கதிரையில் இருந்து, பனியைப் பார்த்துக்கொண்டிருந்தா. கேட்டால் தேநீர் வேண்டுமென்றா. பிறகு வேண்டாமென்றா. வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை.

நண்பகல் லுஹருக்கும் பழைய கதைதான். தண்ணீருக்கு முதுகாக இருவர், முகமாக இருவர். ஒரே குடும்பம் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு அல்லாஹ்விடம் கேட்டது. என்ன கேட்டார்களோ.

தொழுது முடிந்ததும் வாப்பா சால்வையைத் தலையில் சுற்றினார். “மகள், வா. கல்லுக்குப் போவம். பஸ்காரனுக்குச் சொல்லவேணும்.”

கல்மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. வாப்பா போனை உயர்த்தி, தாழ்த்தி, ஒரு காலில் நின்று, கடைசியில் சிக்னலைப் பிடித்தார்.

“ஓம் தம்பி, நாளைக்குக் கண்டியில இருந்து. வவுனியாவுக்கு. மூண்டு சீட்டு. ஒண்டு யன்னல் பக்கம் தாங்கோ, வீட்டுக்காரிக்கு. அவாவுக்கு வாந்தி வாறது. மூண்டு, மூண்டு! காத்துச் சத்தம் தம்பி, மூண்டு!”

அவர் ஒவ்வொரு தடவை மூன்று என்று கத்தும்போதும் ஷமீலா கல்லின் பாசியைச் சுரண்டினாள்.

போனை மடியில் செருகிக்கொண்டு வாப்பா குந்தினார். அவருக்கு மனம் லேசாகிவிட்டது தெரிந்தது. ஊருக்குப் போவதென்றால் அவர் எப்போதும் அப்படித்தான்.

“சிறுபோக நெல்லு முத்திப் போச்சு. அங்க வயலுக்க வாற யானையைக் கலைக்க யானை வெடி கொளுத்தக்கூட ஆளில்ல. இவன் என்னைக் கொண்டுவந்து பனிக்குள்ள ஊறப் போட்டிருக்கான்.”

“வாப்பா, புத்தளத்திலயே இருந்திருந்தா?” என்று மெல்லக் கேட்டாள்.

அவர் சிரித்தார். “உனக்குச் சொல்லியிருக்கனா? புத்தளத்துக்கு வந்து இறங்கின நேரம் நான் சுருக்கித்தான் தொழுதன். அடுத்த கிழமை திரும்பிப் போறம் எண்டு. பிறகு அதுக்கு அடுத்த கிழமை எண்டு. ஒரு நாள் பள்ளியில லெப்பை என்ட தோளில கையை வச்சு, ‘மஜீத், நீங்க இனி நிறையத் தொழுங்கோ’ எண்டார். மனுசன் சட்டம்தான் சொன்னார். ஆனா எங்களை வெளிக்கிடச் சொன்ன நாளில கூட நான் அழல்ல. அண்டைக்குத்தான் அழுதன்.”

பனிக்குள் எங்கோ ஒரு பறவை கத்தியது. ஷமீலாவுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. வாப்பா, யன்னல் சீட்டு வேண்டாம், அதில் இருக்க உம்மா வரப்போவதில்லை. சொல்லவில்லை. நானாவுக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். இந்த முகத்தில் இந்தச் சிரிப்பு இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும் என்பது மறுபுறம்.

“வாங்கோ வாப்பா, குளிருது,” என்றாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஹனாவின் கூச்சல் கேட்டது.

“வாப்பா! மூத்தாப்பா! கதவு! நெருப்பு!”

எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள். ஹனா படிக்கட்டின் உச்சியில் நின்றாள். ஆகாயத்துக்குத் திறக்கும் அந்தக் கதவின் இடுக்குகளால் செம்மஞ்சள் ஒளி உள்ளே பீறிட்டுக்கொண்டிருந்தது. றிஸ்கான் மகளைத் தூக்கி ஒரு பக்கம் விட்டுவிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தான்.

நெருப்பில்லை. பனி விலகியிருந்தது. மலைகளுக்கு மேலே, வாசலுக்கு நேரெதிரே, சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக்காரர் கதவை எதற்காக அங்கே வைத்தார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

நீர்த்தேக்கமோ இடது கைப் பக்கத்தில், எங்கோ தெற்கே, அமைதியாகக் கிடந்தது.

வாப்பா சூரியனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“அப்ப நீயும் பிழை,” என்றார்.

“நீங்களும்தான் வாப்பா.”

“நான் வடக்கைப் பாத்துத் தொழுதிருக்கன். நீ தெக்கைப் பாத்து. யாழ்ப்பாணத்துக்கு ஒண்டு, மாத்தறைக்கு ஒண்டு!”

இஷ்ராதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு றிஸ்கான். பிறகு வாப்பா, பாறையைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிச் சிரித்தார். “எல்லாத்தையும் திருப்பித் தொழவேணும்டா. சுபஹு, லுஹர், அஸர், நேத்துத் தொழுததும். ஹராங்குட்டி வீடு!”

“வாப்பா, புள்ள நிக்கிது!”

சூரியன் மறைந்ததும் மஃரிபுக்கு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தண்ணீர் யாருக்கும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வாப்பா முன்னால் நின்று ஓத, றிஸ்கான் அவருக்கு வலப்பக்கம் நின்றான். பெண்கள் பின்னால் நின்றார்கள். ஷமீலாவின் தோள் உம்மாவின் தோளில் முட்டியது. இந்த வரிசை நாளைக்கு இருக்காது என்று அவள் சுஜூதில் நெற்றியை வைத்தபடி நினைத்தாள். எழும்ப மனம் வரவில்லை.

தொழுது முடிந்ததும் வாப்பா கீழேயே நின்று, திசை பிழைத்த தொழுகைகளைத் திருப்பித் தொழத் தொடங்கினார். றிஸ்கானும் இஷ்ராவும் வானுக்குள் சாமான் அடுக்கப் போனார்கள். அவர்கள் போன அவசரத்தில் ஏதோ இருந்தது.

உம்மா படிக்கட்டின் மேல்படியில், திறந்த கதவருகே இருந்தா. “ஷமீலா, இங்க வா புள்ள.”

அவள் ஏறிப்போய்ப் பக்கத்தில் இருந்தாள். பள்ளத்தில் தூரத்து வீடுகளின் விளக்குகள் ஒன்றிரண்டு தெரிந்தன.

“நானா உனக்குச் சொன்னானாம்.”

“சொன்னார்.” பகல் முழுக்க மனதுக்குள் கோத்துவைத்த வார்த்தைகளை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். “நீங்க போங்கோ உம்மா. கண்ணைக் காட்டலாம். வாப்பாவை நான் பாத்துக்கொள்ளுவன். நான் கோவிக்க மாட்டன்.”

உம்மா அவளை வியப்போடு திரும்பிப் பார்த்தா. பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா.

“விசரி. இந்த மனுசனை விட்டிட்டு நான் எங்க போறது? நான் இல்லாட்டி அவர் உப்புப் போத்தலையே கண்டுபிடிக்க மாட்டார்.”

“அப்ப?”

“போறது நீ.”

கீழே வாப்பாவின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

“இர்ஷாத் எண்டு ஒரு ஆள். நானாவின்ட கடைக்குப் பக்கத்தில மரம் அரிஞ்சு விக்கிற மடுவம் வச்சிருக்கார். நீயும் ஒருக்காக் கண்டிருக்காய்.”

கண்டிருக்கிறாள். எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லும் மனிதர். மனைவி மவுத்தாகி, அடக்கம் செய்து இரண்டு பெருநாள் போய்விட்டது என்று யாரோ சொன்ன ஞாபகம்.

“எங்கட வழக்கத்துக்கு மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்கு வரவேணும். ஆரு வந்தான்? முல்லைத்தீவு எண்ட உடன தேத்தண்ணியும் குடிக்காம எழும்பிப் போனாங்கள். இந்த ஆள் வீடும் கேக்கல்ல, ஒண்டும் கேக்கல்ல. உன்னை மட்டும் அனுப்பச் சொல்லுறார். நானா வீட்டில போய் இருந்து பாரு. உனக்குச் சம்மதமெண்டா நிக்காஹை வைப்பம்.”

குசினியில் இஷ்ரா அளந்த நூல் நினைவுக்கு வந்தது. ஷமீலாவின் மணிக்கட்டு சுட்டது.

“என்னட்ட ஒரு சொல் கேட்டீங்களா?”

“கேக்கத்தான் இந்த மலைக்கு ஏறினது. நான்தான் நானாவிட்டச் சொன்னன், எங்கயாவது தூரமாக் கொண்டு போ எண்டு. வீட்டில கேட்டா நீ மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போயிடுவாய். இங்க போறதுக்கு இடமில்ல.” உம்மா திறந்த கதவைக் கண்ணால் காட்டினா. “பாரு, கதவுக்கு அங்காலயும் ஒண்டுமில்ல.”

“வாப்பாவுக்கு ஆரு சொல்லுறது? மூண்டு சீட்டுச் சொல்லி வச்சிருக்கார்.”

“தெரியும். நாளைக்கு பஸ்ஸைக் கண்ட பிறகு சொல்லுறன். இப்ப சொன்னா இந்தப் பாறையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்திடுவார்.”

“நான் மாட்டன் உம்மா.”

“நாங்க ரெண்டு பேரும் மவுத்தானா, அந்தக் காட்டில நீயும் ஒரு பெட்டி யானை வெடியும்தான் மிச்சம். நான் கண் தெரியாமப் போறதுக்குப் பயப்படல்ல புள்ள. உன்னைத் தனிய விட்டிட்டுப் போறதுக்குத்தான் பயம்.”

தனிமைக்குப் பயந்து அனுப்புகிறார்கள். அனுப்பிய பின்னும் அவள் தனிதான். இங்கே விடப்பட்டாலும் தனி, அங்கே விடப்பட்டாலும் தனி. இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அந்த மங்கிய கண்களுக்கு இந்த முகம் தெரியுமா?

அவிழ்ந்து கிடந்த கதவுக் கயிற்றை அவள் விரலில் சுற்றினாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“போய் இருந்து பாக்கிறது எண்டா, எத்தின நாளைக்கு உம்மா? பிடிக்காட்டி வரலாந்தானே?”

உம்மா தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தா. காற்றில் கதவு ஒருமுறை முனகியது.

கீழேயிருந்து வாப்பாவின் குரல் வந்தது, சந்தோசமாக, மலையெல்லாம் எதிரொலிக்க:

“மகள்! இஷாவுக்கு வா! ரெண்டு ரக்அத்துத்தான், கெதியா முடிச்சிட்டுப் படுப்பம். விடிய ஊருக்குப் போகவேணும்!”

உம்மா அவள் கையை விட்டா. மெல்ல எழுந்து, பாறையைத் தடவித் தடவி ஒரு படி இறங்கினா. திரும்பிப் பார்க்காமலே சொன்னா:

“இங்க சுருக்கித் தொழு. அங்க போனா நிறையத் தொழு, புள்ள.”

“வாறியா மகள்?” என்றார் வாப்பா, மறுபடியும்.

வாறன் வாப்பா என்று சொல்லிப் பழகிய வாய்தான். அன்று அது திறக்கவில்லை.